திரும்பி வராத போர்டு

11-1-1988, திங்கள்

பொங்கல் வருகிறது. இன்ஸ்டிடியூட்டில் பாதி டைப் மிஷின்கள் உறை போட்டபடியே கிடக்கின்றன. போன வருடம் இதே மாதம் இடமில்லாமல் பெண்களை வெளியே பெஞ்சில் காத்திருக்க வைத்தேன். இப்போது நான்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

லோயர் பாஸான மாதம்மாள் ஹையருக்குச் சேரவில்லை. கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். "சேலத்துல கம்ப்யூட்டர் கிளாஸ் வந்திருக்குதுங்க டீச்சர். இனிமே டைப்புக்கு வேலை குடுக்க மாட்டாங்கன்னு எங்க மாமா சொல்றாருங்க" என்றாள். அவள் மேல் என்ன தப்பு?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முன் அறையில் யாருடைய டிவியையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ப் பீரோவிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே கறுப்புப் பஞ்சில் குத்தி வைத்த ஒரு சதுரச் சில்லு, அடியில் முள் முள்ளாகக் கால்கள். நடுவில் கொஞ்ச காலம் அவர் வேலை பார்த்த பெங்களூர் கம்பெனியை மூன்று வருடம் முன்னால் மூடிய அன்று, அங்கிருந்த இன்ஜினியர் அவர் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனதாம். இத்தனை வருடம் என்னிடம் காட்டியதே இல்லை.

"இது புராசசர். கம்ப்யூட்டருக்கு மூளை. இதுக்கு ஒரு நல்ல போர்டு மட்டும் கெடச்சுதுன்னா நாமளே ஒண்ணு கட்டிடலாம், மேரி."

கேட்டதும் எனக்கு வந்தது என்னவென்று தெரியவில்லை. ஆசையா, பயமா?

17-1-1988, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியெல்லாம் போர்டுப் பேச்சுதான். மதர்போர்டு என்கிறார். சில்லு, மெமரி, டிஸ்க் எல்லாம் வந்து சேருகிற பெரிய பலகை. பெட்டி, கீபோர்டு, மானிட்டர் எல்லாவற்றையும் பழசில் தேடித் தருவதாகக் கிருஷ்ணப்பன் சொல்லியிருக்கிறார். அவர் இவரோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவர். இப்போது பெங்களூரில் எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு சந்தில் எலக்ட்ரானிக் சாமான் கடை.

"மத்ததெல்லாம் கெட்டுப்போனா மாத்திக்கலாம். போர்டு சரியில்லன்னா எதையுமே நம்ப முடியாது. நம்ம ஊரு கரண்டுக்குத் தாங்கற போர்டா பாக்கணும்."

ரோட்டோரம் யாரோ நிறுத்தியிருந்த சைக்கிளில் இடித்துக்கொண்டார். பேச்சு சுவாரஸ்யம்.

2-2-1988, செவ்வாய்

விடியற்காலை பஸ்ஸுக்குப் பெங்களூர் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ எதுக்கு? இன்ஸ்டிடியூட்ட யாரு பாக்கறது?" என்று எரிந்து விழுந்தார். பொழுது சாய வந்தார். முழங்கை தோல் வழண்டிருந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் படி தவறிவிட்டதாம். ஆனால் பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்திருக்கிறார், போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கிருஷ்ணப்பன் கடை பூட்டியிருந்ததாம். பக்கத்துக் கடையில் ஒரு குவியலிலிருந்து தானே பார்த்துப் பொறுக்கியதாகச் சொன்னார். "நான் பாத்து எடுத்தா தப்பாவுமா?" ஆகாது. பதினைந்து வருடமாக இந்த ஜில்லாவில் அவர் கை படாத ரேடியோ இல்லை.

5-2-1988, வெள்ளி

ஓடுகிறது! கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. என் பெயரை அடித்துப் பார்த்தேன். LOURDU MARY. பிழையாக அடித்தால் தாளைக் கிழிக்க வேண்டாம், ரப்பர் வேண்டாம். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "படி, படி, என்ன வந்திருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சந்தோஷத்தில் குழந்தை மாதிரி ஆகிவிட்டார்.

17-2-1988, சாம்பல் புதன்

நேற்றும் நின்றது. இன்றும் நின்றது. எழுத்து அப்படியே உறைந்துபோய், எந்தச் சாவியைத் தட்டினாலும் அசையவில்லை. அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. வோல்டேஜ் என்கிறார். ஸ்டெபிலைசரை மாற்றினார். மெமரி என்கிறார். மெமரி சில்லுகளைக் கழற்றி மாட்டினார். ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டார் போலிருக்கிறது, சுவிட்ச் போட்டதும் கருகிய வாடை. அவர் அப்படிச் செய்கிற ஆளே இல்லை. கேட்டதற்கு, "பக்கத்துல நின்னு தொணதொணன்னா இப்படித்தான் ஆவும்" என்று கத்தினார்.

நெற்றியில் இரண்டு பேருக்கும் சாம்பல். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

23-2-1988

மறுபடி நின்றது.

6-3-1988, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

கான்வென்ட் தலைமை சிஸ்டர் பூசைக்குப் பின் இரண்டு ஆசிரியைகளோடு வந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்களை வாரத்தில் இரண்டு நாள் அனுப்புவதாக ஏற்கெனவே பேச்சு. பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருந்தது. பிஸ்கட், காபி எல்லாம் தயார். காலையிலிருந்து ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வரி அடித்தார்கள். நின்றது. அணைத்துப் போட்டேன். திரை வரவேயில்லை. ஒரு நீளமான பீப் சத்தம் மட்டும், நிற்காமல், சாவுவீட்டுச் சங்கு மாதிரி.

அவர் ஓடிவந்து பெட்டியைத் திறந்தார். காபித் தம்ளரைத் தட்டிவிட்டார், சிஸ்டருடைய வெள்ளை அங்கி முழுக்கக் காபி.

"பரவாயில்ல மிஸ்டர் மரியசூசை. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்கள். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

7-3-1988

இன்ஸ்டிடியூட்டைத் திறக்கவில்லை. தலைவலி என்று பலகையில் எழுதிவைத்தேன்.

9-3-1988, புதன்

அவர் கரண்ட் ஆபீசுக்குப் போயிருந்தார். போர்டைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. இத்தனை அவமானத்தைக் கொண்டுவந்தது எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன் போல. பின்கட்டு வெயிலுக்குக் கொண்டுபோய்த் திருப்பினேன்.

பின்பக்கம் மூன்று இடத்தில் மெல்லிய ஒயரை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறது. ஓரத்தில் எட்டணா அகலத்துக்குக் கருகல். அங்கே பலகையே உப்பி, இரண்டு பிளவாக நிற்கிறது. எனக்கு ஒரு எழவும் தெரியாது, ஆனால் இது எரிந்து ஒட்டுப்போட்ட சாமான் என்று எனக்கே தெரிகிறது. இதையா பார்த்துப் பொறுக்கினார்? என்னை ஏமாற்றினாரா? அங்கே போய்ப் பேச்சுப் பராக்கில் எதையோ அள்ளிக்கொண்டு வந்தாரா?

வந்ததும் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இது என்னாங்க?"

"எது?"

"இந்தக் கருகல்."

"எங்க?"

"இங்கதான். கண்ணு முன்னாடி!"

அவர் போர்டை வாங்கினார். அதைப் பார்க்காமல் விரலால் தடவத் தொடங்கினார். முதல் ஓரம், இரண்டாவது ஓரம். விரல் கருகலுக்கு வந்ததும் நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, போர்டை மூக்குக்கிட்ட கொண்டுபோய், கோழி தானியத்தைப் பார்ப்பது மாதிரி ஒற்றைக் கண்ணால் தேடினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைக்கிள். பஸ் படி. தம்ளர். தலைகீழ் சில்லு. 'படி, படி, என்ன வந்திருக்குது?'

"உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

போர்டைத் தடவித் தடவி மேசையில் வைத்தார். பிறகு, "வலது சுத்தமா புகையாட்டம் இருக்குது. இடதுல தெரியுது. குழாய்க்குள்ள பாக்கற மாதிரி, நடுவுல கொஞ்சம். ஒரு எடத்தப் பாத்தா பக்கத்து எடம் இல்ல" என்றார். தீபாவளிக்கு முன்னாலிருந்தே இப்படியாம்.

"ஏன் சொல்லல?"

"கண்ணு தெரியாத மெக்கானிக்குகிட்ட எவன் டிவிய குடுப்பான்?"

எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சட்டையைக் கழற்றி, ஆணியைக் கையால் தேடி மாட்டினார்.

10-3-1988, வியாழன்

பரிதாபம் வர வேண்டும். கோபம்தான் வருகிறது. கட்டிக்கொண்டவளிடம் கண் போவதை மறைக்கிற மனுசன் வேறு எதையெல்லாம் மறைப்பார்? ஆண்டவரே, இது என்ன மனசு எனக்கு.

14-3-1988, திங்கள்

சேலம். கண் ஆஸ்பத்திரி.

தொப்பூர் கணவாயில் பஸ் ரொம்ப நேரம் நின்றது. ஒரு லாரி கவிழ்ந்து, தக்காளி ரோடு முழுக்க நசுங்கிக் கிடந்தது. அவர் ஜன்னலோரம். லாரியின் சக்கரம் அவர் பக்கத்திலேயே வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. "ஏன் நிக்குது? டிக்கெட் செக்கிங்கா?" என்று கேட்டார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன்.

டாக்டர் விளக்கை அடித்து அடித்துப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறதாம். வலி இருக்காதாம், அதனால்தான் பலர் வருவதற்குள் முற்றிவிடுகிறதாம். "போனது வராதும்மா. இருக்கறத எவ்வளவு நாள் வெச்சுக்க முடியுமோ பாக்கலாம்." சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். தவறாமல் விட வேண்டும்.

திரும்பி வரும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் ரோட்டில் என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. நாங்கள் இரண்டு பேர்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

1-4-1988, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதையில் அவர் முழங்காலிடும்போது மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

10-4-1988, ஞாயிறு

இன்று பெரிய சண்டை. வேறு போர்டு வாங்க வேண்டும் என்கிறார். எல்லாவற்றையும் கிருஷ்ணப்பனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"கம்ப்யூட்டர் ஒரு கேடா இப்ப? கண்ணப் பாருங்க மொதல்ல!"

"கண்ணப் பாத்துத்தான் சொல்றேன்."

"என்னத்தச் சொல்றீங்க?"

"நான் முழுசா இருந்தா எது வேணா வாங்கலாம். கெட்டா நான் பாத்துக்குவேன். இனிமே கெட்டா பாக்கறதுக்கு ஆளு இல்ல, மேரி. அதனாலதான் கெடாததா ஒண்ணு வேணும். டிவி வேலை நின்னுடும். நீதான் நம்ம ரெண்டு பேரையும் பாக்கணும். டைப் மிஷின வெச்சு எத்தினி நாளைக்கு ஓட்டுவ?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

18-4-1988, திங்கள்

இரண்டு பேரும் பெங்களூர் போனோம்.

கிருஷ்ணப்பன் இவரைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். கண் விஷயம் கேட்டு முகம் செத்துப்போயிற்று. "அன்னைக்கி எனக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கக் கூடாதா சூசை? அந்தக் கடையில ஒட்டுப்போட்ட ரிப்பேர் மால்தான் குவிச்சிருப்பான். நீ போயி அதுல எடுத்திருக்கியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இவர் தலை குனிந்துகொண்டார்.

கிருஷ்ணப்பன் இரண்டு போர்டு எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, கனமானது. எங்கள் சில்லு அதில் சரியாக உட்காரும். இன்னொன்று புதுசு, சின்னது, பளபளவென்று. இவர் இரண்டையும் தடவிப் பார்த்தார். நான் பின்பக்கம் எப்படியிருக்கிறது, ஒட்டு இருக்கிறதா, சில்லின் மேல் பேர் சுரண்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன். இரண்டுமே சுத்தம்.

"பெருசு எடுத்துக்கலாம். வெயிட்டா இருக்குது. நம்ம சிப்பும் இருக்குது" என்றார் இவர்.

எனக்குத் தோன்றியதைக் கேட்டேன். "கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொண்டாந்து குடுக்கற போர்டெல்லாம் எங்கங்க வெப்பீங்க?"

கிருஷ்ணப்பன் சிரித்துவிட்டு, மூலையில் ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டினார். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். எத்தனையோ தினுசு. அந்தப் பெரிய போர்டு மாதிரி ஐந்தாறு இருந்தன. அந்தப் பளபளப்பான சின்னது அதைவிட அதிகம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வேறொரு போர்டு இருந்தது. மங்கின பச்சை, பார்க்க ஒன்றும் விசேஷமில்லை, யாரும் கேட்காதது. அது மாதிரி ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை.

"வித்திருந்தாத்தானே திரும்பி வரும்" என்றார் இவர்.

"இல்ல, வித்திருக்கேன்" என்றார் கிருஷ்ணப்பன். யோசித்தார். "மூணு ஆபீசுக்குப் போட்டேன். ஹௌது, ஆமா, ஒண்ணும் வரல. ஸ்பீடு கம்மின்னு யாரும் எடுக்கறதில்ல. ஆனா தங்கச்சி, இதுல உங்க சிப்பு உக்காராது. இதுக்குக் கால் வேற மாதிரி. சிப்பும் மாத்தணும்."

இவர் சட்டைப் பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்தார். திறக்கவில்லை. கட்டைவிரலால் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்க" என்றேன்.

"நான் சொல்லி ஒண்ணு வாங்கினாச்சு. இத நீ சொல்லு."

பச்சையைச் சொன்னேன். மத்தியானம் முழுக்க அதைக் கடையிலேயே ஓட விட்டு, மூடி போட்ட பெட்டிக்குள் சூடேறுகிறதா என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நிற்கவில்லை. டப்பாவைக் கிருஷ்ணப்பனிடம் கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் வேறு சில்லு வாங்கிக்கொண்டோம்.

பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரை அவர் கை காலிச் சட்டைப் பையையே தடவிக்கொண்டிருந்தது. கேட்காமலேயே இருந்திருக்கலாமோ? பெரிய போர்டே வாங்கியிருக்கலாமோ?

19-4-1988

அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் மாட்டினேன். ஓடுகிறது. அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

6-6-1988, திங்கள்

கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பம். வாசலில் புதுப் பலகை. ஆறு பேர், அதில் மாதம்மாளும் ஒருத்தி. காரிமங்கலத்திலிருந்து இரண்டு பெண்கள் பஸ்ஸில் வருகிறார்கள். கான்வென்ட்டில் சேலத்துக்காரர்களோடு பேசி முடித்துவிட்டார்களாம். போகட்டும்.

22-7-1988, வெள்ளி

கடைத்தெருப் பெரியண்ணன் வந்து, ரிப்பேருக்குக் கொடுத்த டிவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். பதினைந்து வருட வாடிக்கை. "தப்பா நெனச்சுக்காதீங்க சூசை, வூட்டுல புள்ளைங்க படம் பாக்கணும்னு நிக்குதுங்க" என்றார். மேசையில் இருந்த கடைசி டிவி அதுதான். அவர் போன பிறகு இவர் ஸ்க்ரூ டிரைவர்களையெல்லாம் துடைத்து, துடைத்து, வரிசையாக அடுக்கினார்.

9-10-1988, ஞாயிறு

வகுப்பு அறைக்குள் அவர் வருவதேயில்லை. முன் அறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். தினமும் சாயங்காலம் நான் பூட்டிவிட்டு வந்ததும் ஒரே கேள்வி. "இன்னிக்கி நின்னுதா?"

"இல்லைங்க."

"ம்."

14-12-1988

இடது கண்ணிலும் விளக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது என்கிறார். சொட்டு மருந்து விடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

5-3-1989, ஞாயிறு

நேற்று பயங்கர மழை, இடி, வோல்டேஜ் ஏறி இறங்கி டியூப் லைட் இரண்டு போயின. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்ததும் கேட்டார்.

"இன்னிக்கிக்கூடவா நிக்கல?"

"இல்லைங்க. நல்லா ஓடுச்சு."

சந்தோஷப்படுவார் என்று முகத்தைப் பார்த்தேன். முகம் தொங்கிப்போயிற்று. ஒரு கணம்தான். உடனே, "நல்லது, நல்லது" என்றார். தன்னைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே இப்போதெல்லாம் அவருக்கு மறந்துவிடுகிறது.

இத்தனை மாதமாக அவர் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

கெடாததாகப் பார்த்து வாங்கினேன். அது கெடவேயில்லை. அவருக்கு வேலையும் இல்லை. சரியாகச் செய்ததற்கு இப்படியும் ஒரு தண்டனையா?

20-3-1989, திங்கள்

சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால் பசியில்லை. நேற்றும் பசியில்லை.

12-4-1989, புதன்

வெயில் கொளுத்துகிறது. மத்தியானம் பெண்கள் சாப்பிடப் போன நேரம், மிஷினை நானே அணைத்தேன். கொஞ்ச நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிறகு முன் அறைக்குப் போய், "என்னங்க, கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. வந்து பாருங்களேன்" என்றேன்.

நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் தோளிலிருந்த துண்டு விழுந்ததைக்கூட எடுக்கவில்லை. "எப்படி நின்னுது? எழுத்து உறைஞ்சுதா, திரையே போச்சா?" என்றார். உறைஞ்சுது என்றேன். கையைக் கொடுத்தேன், வேண்டாம் என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு வகுப்பு அறைக்குள் வந்தார்.

மூடியை அவரே திறந்தார். பிளக்கை எடுத்தாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டார். போர்டின் மேல் கையை விரித்து வைத்து ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். அப்புறம் ஒரு மூலையில் ஆரம்பித்து, ஒவ்வொரு சில்லாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். சிலவற்றில் 'டிக்' என்று மெல்லிசாகச் சத்தம் வந்தது.

"கேட்டியா? சூட்டுக்கு விரிஞ்சு விரிஞ்சு சில்லு மேல எழும்பிடும். இதுல தப்பில்ல. எல்லா போர்டும் அப்படித்தான்."

சாப்பாடு முடிந்து வந்த பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். மாதம்மாள் என்னைப் பார்த்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"இப்பப் போடு" என்றார்.

போட்டேன். பீப் என்று ஒரு சின்னச் சத்தம். எழுத்து வந்துவிட்டது என்று பெண்கள் கத்தினார்கள். அவர் நெற்றி வேர்வையைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

"வெயில் காலம் முடியற வரைக்கும் வாரா வாரம் அழுத்தி விடணும். புதன்கெழம வெச்சுக்கலாமா?"

வெச்சுக்கலாங்க என்றேன்.